கூமாவுக்கு அப்பால் ஒரு பழைய பண்ணைவீடும் நான் சாத்திய படலையும்

போன ஜனவரிக் கடைசியில், திங்கட்கிழமையும் சேர்ந்து விடுமுறையாக வந்த வார இறுதியில், நாங்கள் நாலு பேர் கூமாவுக்கு அப்பால் மலைமேட்டில் இருக்கும் ஒரு பழைய பண்ணைவீட்டில் மூன்று இரவு தங்கினோம். எங்கள் முப்பத்தெட்டாவது கலியாண நாளுக்கு மகள் நிரோஜாவும் மருமகன் செந்திலும் தந்த பரிசு அது. நான் கோல்ட் கோஸ்ட் கடற்கரை கேட்டேன். அவர்கள் செம்மறியாட்டுப் பண்ணையைத் தந்தார்கள். முதல் அதிர்ச்சி அங்கேயே தொடங்கிவிட்டது.

என்னைப் பற்றி இரண்டு வரி. சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பக்கம் சிவா அங்கிள் என்றால் தெரியாத தமிழ்க் கடை இல்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் எனக்குப் படிப்பிக்க வாத்திமாரிடம் சரக்கு இருக்கவில்லை. ஆனால் இந்த நாட்டில் இருபத்தொன்பது வருடமாகக் கார் ஓடுகிறேன். பாதை காட்டும் பெட்டிக்கே நான் பாதை சொல்லியிருக்கிறேன். ஆகவே இங்கே எழுதும் தூரத்தையும் நேரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

வெள்ளிக்கிழமை காலை 7.50க்கு மெரிலேண்ட்ஸிலிருந்து புறப்பட்டோம். 7.30 என்றுதான் திட்டம். என் மனிசி அடுப்பை நிறுத்தியாச்சா என்று இரண்டாம் தடவை பார்க்கத் திரும்பி உள்ளே போனதில் இருபது நிமிடம் போய்விட்டது. கோல்பர்ன் 185 கிலோமீற்றர், 9.55க்குச் சேர்ந்தோம். அங்கே தெருவோரம் சீமெந்தில் கட்டிய மூன்று மாடி உயரச் செம்மறி ஒன்று நிற்கிறது. அதன் காலடியில் கார்க் கதவைத் திறந்து வைத்து இடியப்பமும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். செந்தில் தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளை, அவர் தன் பங்குக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்துக் காரில் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் மணத்தைப் பிடித்து எட்டிப் பார்த்தது. நான் ஒரு கரண்டி சம்பல் கொடுத்தேன். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வர, நன்றி சொல்லிவிட்டுத் தன் காரைச் சுற்றி ஓடினார்.

10.40க்கு அங்கிருந்து கிளம்பி, கன்பராவை ஓரமாகத் தொட்டுக்கொண்டு, கூமாவுக்கு 12.50க்கு வந்தோம். 205 கிலோமீற்றர். பாலும் பாணும் மரக்கறியும் கூமாவிலேயே வாங்கிவிடுங்கள். பெற்றோலும் அங்கேயே நிரப்புங்கள், எனக்கு 71 டொலர் 40 சதம் போனது. அதற்குப் பிறகு அடமினபி என்ற சிற்றூர் 51 கிலோமீற்றரில் வரும். அங்கேயும் கடை உண்டு, ஆனால் நாங்கள் தேடிய பச்சை மிளகாய் இல்லை. அடமினபி தாண்டி 22 கிலோமீற்றர் சரளைக்கல் பாதை. என் ஓட்டத்துக்கு அது இருபது நிமிடப் பாதை. மனிசி பின்சீட்டில் இருந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்ததால் நாற்பது நிமிடம் ஆனது. சரியாக மூன்று மணிக்கு வாசலில் நின்றோம்.

வாடகை ஒரு இரவுக்கு 290 டொலர். மூன்று இரவுக்குக் குறைத்துத் தரமாட்டார்கள். துப்புரவுக்கென்று இன்னொரு 85. அந்தக் காசைக் கேட்டு அதிர்ந்தவன், வீட்டைப் பார்த்து இன்னொரு முறை அதிர்ந்தேன். நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட கல்வீடு. சுவர் இரண்டு அடி தடிப்பு என்று அவர்கள் சொன்னார்கள், நான் கையால் அளந்தேன், நாலு அடிக்குக் குறையாது. கதவு நிலை எல்லாம் குள்ளமானவை. முதல் மணித்தியாலத்திலேயே செந்திலின் நெற்றி மூன்று இடத்தில் வீங்கியது. குசினியில் கப்பல் எஞ்சின் போல ஒரு இரும்பு அடுப்பு. நாங்கள் படுத்த அறை வீடு கட்டின புதிதில் ஆட்டு மயிர் மூட்டை அடுக்கிய அறையாம், மழை ஈரத்துக்கு இன்னும் அந்த வாசம் எழும்பும் என்றார்கள். கழிப்பறை விறாந்தையின் கடைசியில், வெளியே. கைத்தொலைபேசியில் ஒரு கோடு கூட இல்லை. மகள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்த நடையைப் பார்த்தால், சாமிக்குக் கற்பூரம் காட்டுகிறாள் என்று நினைப்பீர்கள்.

ஆனால் வீட்டின் பின்பக்கம் போனேன்.  இரண்டு புல்வெளி, ஒரு கடைசி வேலி, அதற்கு அப்பால் உலகமே முடிந்துவிட்டது போல ஒரு மொட்டை மேட்டுச் சமவெளி. மரம் மருந்துக்கும் இல்லை. முழங்கால் உயரப் பற்றைகள், வெளிறிய சிறு பூக்கள், காலை வைத்தால் மெத்தை போல அமுங்கிப் பக்கத்தில் தண்ணீர் துளிர்க்கும் பாசி, எல்லையில் எப்போதோ தீயில் வெந்து வெள்ளை எலும்பாக நிற்கும் மரங்கள். நுவரெலியாவுக்கு அங்கால் ஹோட்டன் சமவெளி பார்த்தவர்களுக்கு ஒரு அளவுக்குப் புரியும். நான் அங்கே இளம் வயதில் தனியாக நடந்து போயிருக்கிறேன், சிறுத்தை ஒன்று என்னைப் பார்த்துப் பாதையை விட்டு விலகிப் போனது. அது வேறு கதை. இந்த இடத்தில் சிறுத்தை இல்லை. காற்றுத்தான் இருந்தது. அது மனிதனை விலகச் சொல்கிற காற்று.

பண்ணைக்காரர் பெயர் கொலின். வயது எண்பத்தொன்று. எங்கள் வீட்டிலிருந்து நூறு யார் தூரம் தள்ளி ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். ஒற்றைக் காதில் கேட்கும் கருவி. அவருடைய மகள் ஜெனி கன்பராவில் வேலை செய்கிறாள். வார இறுதியில் வந்து இந்தப் பழைய வீட்டு வாடகை, துப்புரவு, விருந்தினர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். வெள்ளி பின்னேரம் இரண்டு பேரும் எங்களை வரவேற்க வந்தார்கள். அவர்கள் பேசியது இங்கிலீசு. நான் அதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன், என் காதில் அப்படித்தான் விழுந்தது.

கொலின் கேட்டார்: "நீயும் ஊரிலை மாடு கண்டு வைச்சிருந்தனியோ, சிவா?"

"முந்நூறு மாடு," என்றேன்.

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். முந்நூறுக்கும் எப்படித் தண்ணி காட்டினாய் என்று கேட்டார். கிணற்றுத் துலாவில் இறைத்தோம் என்றேன். விடிய மூன்று மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முடியும் என்றேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். இந்த நாட்டுக்கு வந்த இருபத்தொன்பது வருடத்தில் என்னை ஒருவரும் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. ஆகவே ஒரு யானையையும் சேர்த்தேன்.

அதே நேரம் குசினியில் ஜெனி என் மனிசியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். மனிசி படுக்கும்போது எனக்குச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கிழவன் பாவம். போன மாசம் அடுப்பிலை கேத்திலை வைச்சிட்டு மறந்து போச்சாம், கேத்தில் உருகிப்போச்சாம். அதுக்கு முதல் தண்ணிப் பம்மை நிப்பாட்ட மறந்து தாங்கித் தண்ணி முழுக்கக் காலியாம். இன்னும் ஒருக்கால் ஏதும் மறந்தால் ஆடுகளை வித்துப்போட்டு கூமாவிலை வயசுபோன ஆக்கள் இருக்கிற இடத்துக்குப் போறனெண்டு தகப்பனே மகளுக்குக் கை குடுத்து வாக்குச் சொல்லியிருக்கிறாராம்."

"எண்பத்தொரு வயசிலை மறக்காமல் என்ன செய்யும்?" என்றேன்.

"அவருக்கு இந்த இடத்தை விட்டால் வேறை ஒண்டுமில்லையாம். இஞ்சைதான் பிறந்தவராம். இந்த அறையிலை."

பகலில் முப்பத்து நாலு பாகை வெயில், இரவில் ஆறு பாகை. அந்தக் குளிரில் இரண்டு போர்வைக்குள் சுருண்டு, அவர் பிறந்த அறையில், நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் தனியாகச் சமவெளியைப் பார்க்கப் போனேன். முதல் புல்வெளியில் நீர் தேங்கிய ஒரு குளம், பண்ணைக்குளம். அதைத் தாண்டினால் ஒரு படலை. இரும்புக் குழாயில் செய்த நீளப் படலை. அது அகலத் திறந்து வேலியோடு சாய்ந்து கிடந்தது. அதனால் உள்ளே போய், இரண்டாவது புல்வெளியைக் கடந்து, கடைசி வேலியில் சாய்ந்து நின்று சமவெளியைப் படம் பிடித்தேன். ஆடுகள் தூரத்து மேட்டில் வெள்ளைக் கல் போலச் சிதறி மேய்ந்தன. திரும்பி வரும்போது அந்தப் படலையைச் சாத்தினேன்.

ஏன் சாத்தினாய் என்று யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரும் கேட்கமாட்டார். படலை திறந்து கிடந்தால் கட்டாக்காலி மாடு வாழையைத் தின்னும், ஆடு பயிற்றங்கொடியைத் தின்னும், தெருவால் போகிறவன் வீட்டில் ஆளில்லை என்று நினைப்பான். நடக்கப் பழகிய நாளிலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்தது "படலையைச் சாத்திப்போட்டுப் போ" என்பதுதான். என் கை அதுவாகவே சாத்தியது. ஒரு நன்மை செய்த நினைப்போடு, பசியோடு, வீட்டுக்கு வந்தேன். சங்கிலியைக் கொளுவியதும் என் கையே.

குசினி மேசையில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. விருந்தினர் செய்யவேண்டியது, செய்யக்கூடாதது எல்லாம் அதில் இருந்ததாம். மகள் வாசித்திருக்கிறாள். நான் வாசிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

பகல் முழுவதும் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தோம். அந்தக் கல் சுவருக்குள் குளிரூட்டி தேவையில்லை, அது ஒரு அதிசயம். பின்னேரம் ஐந்து மணிபோல விறாந்தையில் தேநீர் குடிக்கும்போது மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஆடுகள் கத்துவது காற்றில் வந்தது. விட்டு விட்டு வந்தது. செந்தில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாமா, இது தண்ணிக்குக் கத்துற மாதிரி இருக்கு."

"தம்பி, உது செம்மறி. உங்கட ஊர் வெள்ளாடில்லை. பின்னேரத்திலை ஒண்டோடை ஒண்டு கதைக்கும்."

"எங்க வீட்டுல நாப்பது ஆடு இருந்துச்சு மாமா. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

"அவை கொலினுடைய ஆடு. அவருக்குத் தெரியாததோ? இரும்."

அவர் இருந்தார். மாமன் சொன்னால் அந்தப் பிள்ளை இருப்பார். கொலினுக்குக் காது கேட்பது குறைவு என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

இனி எழுதுவதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு கொலின் நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் மேட்டைத் தாண்டிப் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினார். அவருடைய முகம் வெளுத்திருந்தது. "ஆள் வேணும்," என்றார். "எல்லாரும் வாங்கோ. ஓடாதேங்கோ. சத்தம் போடாதேங்கோ."

மேட்டில் ஏறிப் பார்த்தேன்.  நான் சாத்திய படலைக்குப் பின்னால் செம்மறிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து நின்றன. நான் முந்நூறு என்று நினைத்தேன். ஜெனி சொன்ன கணக்கு நூற்றைம்பத்திரண்டு. நாக்கு வெளியே தொங்கியது. இருபது அடிக்கு இந்தப் பக்கம் குளத்துத் தண்ணீர் வெயிலில் மினுங்கியது. ஒரு முழுப் பகலும் ஒரு இரவும் அவை அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கின்றன. வேலியோரம் இரண்டு ஏற்கனவே விழுந்து கிடந்தன.

படலையைத் திறந்து விட்டால் போதும் என்று நினைத்து நான் சங்கிலியில் கை வைத்தேன். செந்தில் என் கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் மாமா! ஒட்டுக்கா வுட்டா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து செத்துடும்."

கொலின் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். செந்தில் சொன்ன தமிழ் அவருக்கு விளங்காது, ஆனால் ஆட்டுப் பாசை இரண்டு பேருக்கும் பொது. செந்தில் ஒரு பக்கம், கொலினும் அவருடைய ஆட்டு நாயும் மறுபக்கம். நான் படலையை நெஞ்சோடு பிடித்து ஒரு ஆள் அகலத்துக்கு மேல் திறக்காமல் நின்றேன். பத்துப் பத்தாக விட்டார்கள். ஏழாவது தடவையில் பின்னால் நின்றவை தள்ளிய தள்ளில் படலை என் கையை மீறியது. அந்த ஒரு நிமிடத்தில் மூன்று மிதிபட்டன. அதில் இரண்டு குட்டிகள். மொத்தம் ஐந்து. செந்தில் மட்டும் இல்லாவிட்டால் ஐம்பது போயிருக்கும் என்று கொலினே பிறகு சொன்னார்.

எல்லாம் அடங்கிய பிறகு கொலின் நிலத்தில் உட்கார்ந்தார். ஜெனி பக்கத்தில் குந்தினாள்.

"நான்தான் சாத்தியிருக்கிறன்," என்றார் அவர். "வியாழக்கிழமை ஆடு நக்கிற உப்புக்கட்டி கொண்டு வந்தனான். போகேக்கை சாத்தியிருக்கிறன். நினைவில்லை."

ஜெனி ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "பரவாயில்லை, அப்பா," என்றாள்.

"நாங்கள் கை குடுத்தனாங்கள்."

"ஓம், அப்பா."

"சரி. கூமாவுக்கு வாறன்."

அவ்வளவுதான். எண்பத்தொரு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

நான் உடனே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன், தேநீர் குடித்தேன், குளித்தேன். ஆடு செத்தால் காசு கேட்பார்களோ என்று ஒரு நினைப்பு. காசைக்கூடக் கொடுத்துவிடலாம், செந்திலுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று இன்னொரு நினைப்பு. நேற்றுப் பின்னேரம் அந்தப் பிள்ளையை இருத்தியவன் நான். ஒன்பதரை வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. மனிசி ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு என்னை இரண்டு தடவை பார்த்தாள். 

ஒன்பதரைக்கு கொலினும் ஜெனியும் எங்கள் விறாந்தைக்கு வந்தார்கள். காலையில் உதவி செய்ததற்கு நன்றி சொல்லவாம். நன்றி சொல்லி முடித்துவிட்டு, கொலின் காற்சட்டைப் பையிலிருந்து மோட்டார் சைக்கிளை முடுக்கும் திறப்பை எடுத்து மேசையில் மகளுக்கு முன்னால் வைத்தார். "இதை நீ வைச்சிரு. இனி நான் தனியப் போகக்கூடாது," என்றார்.

அந்தத் திறப்பு மேசையில் வைபட்ட சத்தம் பெரிதில்லை. நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"கேற்றைச் சாத்தினது நான்," என்றேன்.

ஜெனி என் தோளைத் தொட்டாள். "நீங்கள் நல்ல மனுசன், சிவா. ஆனால் அப்பாவுக்கு இப்ப இது உதவாது."

"உண்மையாய் நான்தான். சனி காலமை, எட்டு மணி இருக்கும்."

கொலின் சிரித்தார். இரக்கப்பட்டுச் சிரித்தார். "விடடாப்பா. முந்நூறு மாடு வைச்சிருந்தவன் தண்ணிக்குத் திறந்து விட்ட கேற்றைச் சாத்துவானே?"

வெள்ளிக்கிழமை நான் கூட்டிச் சொன்ன மாடெல்லாம் இப்போது என் முன்னால் வந்து நின்றது.

"முந்நூறு இல்லை," என்றேன்.

"இருநூறோ?"

"ஒண்டு. அதுவும் பக்கத்து வீட்டுக்காரற்றை மாடு. சில நாள் கயிறு பிடிச்சிருக்கிறன்."

"யானை?"

"இல்லை."

மகள் "அப்பா" என்றாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. ஜெனி இன்னும் நம்பவில்லை. கிழவனைக் காப்பாற்ற நான் என்னையே குறைத்துப் பேசுகிறேன் என்று அவள் கண் சொன்னது. அப்போதுதான் மனிசி மாக் கையோடு குசினிக் கதவடியில் வந்து நின்றாள். அவளுடைய இங்கிலீசு கொஞ்சம். அதைக் கொண்டே சொன்னாள்.

"ஜெனி, நான் இவரைக் கட்டி முப்பத்தெட்டு வருசம். இவர் ஒரு நாளும் ஒரு பிழையும் செய்ததில்லை. காரைக் கொண்டுபோய் கராஜ் கதவிலை இடிச்சார், கதவிலை பிழை. வேலை போச்சு, மனேச்சரிலை பிழை. கறிக்கு உப்புக் கூடிப்போச்சு, உப்பிலை பிழை. பொய் சொன்னால் தன்னைத் தூக்கித்தான் சொல்லுவார். இறக்கிச் சொல்ல இவருக்குத் தெரியாது. முதல் தரம் சொல்லுறார். இது உண்மை."

 நான் மனிசியைத்தான் பார்த்தேன். கராஜ் கதவு விசயத்தை அவள் நம்பியிருந்தாள் என்றுதான் இத்தனை வருடம் நான் நினைத்திருந்தேன்.

கொலின் கதிரையின் நுனிக்கு வந்தார். "சிவா, என்னைப் பார். கேற் எப்பிடிக் கிடந்தது?"

"வேலியோடை சாய்ஞ்சு. ஆடாமல் ஒரு கல்லு முட்டுக் குடுத்திருந்தது. கல்லைக் காலாலை தள்ளிப்போட்டுத்தான் சாத்தினனான்."

"என்ன கல்லு?"

"தட்டைக் கல்லு. ஒரு பக்கம் வெள்ளை."

அவர் மகளைப் பார்த்தார். "அந்தக் கல்லை வைச்சது நான், ஜெனி. உப்புக்கட்டியை இறக்கின கையோடை, காத்துக்குச் சாத்துப்படாமல் நான்தான் வைச்சனான். இப்ப வடிவாய் நினைவு வருது. ஆத்தங்கரையிலை எடுத்தது."

ஜெனி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு விரலால் திறப்பை மேசையின் மறுபக்கம் தள்ளினாள்.

அதை எடுத்துப் பையில் போட்டுவிட்டுக் கொலின் எழும்பினார். எழும்பி, எனக்கு ஏசத் தொடங்கினார். அம்மாடி! தான் செய்த பிழை என்று நினைத்தபோது ஒரு குரல் உயர்த்தாத மனிதர், என் பிழை என்று தெரிந்ததும் பத்து நிமிடம் மூச்சு விடாமல் ஏசினார். தொப்பியை நிலத்தில் அடித்தார். என் மூளை, என் கண், நான் பிறந்த நேரம், என் யானை, ஒன்றையும் விடவில்லை. நூறு வருடமாக அந்தப் பண்ணையில் சேர்ந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் அன்றைக்கு என்மேல் கொட்டின. என் வாழ்க்கையில் ஒருவரும் என்னை அப்படி ஏசியதில்லை, நானும் ஒரு நாளும் அப்படிச் சந்தோசமாக ஏச்சு வாங்கியதில்லை. ஜெனி விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது. "இரண்டு வருசமாய் அப்பா இப்பிடிக் கத்திப் பார்க்கேல்லை," என்றாள் என் மனிசியிடம்.

ஏசி முடித்ததும் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். ஐந்தையும் தாட்கவேண்டும். நானும் செந்திலும் பகல் பத்தரையிலிருந்து ஒன்றரை வரை கிடங்கு வெட்டினோம். அந்த நிலத்தில் மண் ஒரு சாண், அதற்குக் கீழே கல். செந்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கொலின் ஏசியதைவிட உறைத்தது. கடைசியில் நானே சொன்னேன்.

"தம்பி, நேற்று உம்மைப் போக விட்டிருக்கவேணும்."

"ஆமா மாமா," என்றார் அவர். பிறகு நான் கல்லைக் கிளப்பிக்கொண்டிருந்த அலவாங்கை வாங்கிக்கொண்டு, "நீங்க கொஞ்சம் நெழல்ல உக்காருங்க," என்றார்.

செத்த ஆடுகளுக்குக் காசு கொடுக்கக் கேட்டேன். ஜெனி ஒரு தொகை சொன்னாள், அடுத்த நாள் கொடுத்துவிட்டோம். கேத்திலும் பம்மும் உண்மைதான், அப்பாவுக்கு வயது போகிறதுதான், ஆட்டு மயிர் வெட்டு முடிய மறுபடி பேசுவோம் என்று அவள் மனிசியிடம் சொன்னாளாம். அது வரைக்கும் அவர் அங்கேதான்.

போக நினைப்பவர்களுக்கு: சிட்னியிலிருந்து ஒரு வழி 463 கிலோமீற்றர், சாப்பாட்டு நிறுத்தத்தோடு ஏழு மணித்தியாலம் பத்து நிமிடம். ஜனவரியிலும் கம்பளிச் சட்டை கொண்டு போங்கள். வீட்டுக்காரர் வைக்கும் விதிக் கோப்பு எத்தனை பக்கமானாலும் அதை, இங்கிலீசு கடினமென்றால் பிள்ளைகளைக் கொண்டாவது வாசிப்பித்து விட்டுத்தான் வெளியே காலை வையுங்கள். இந்த நாட்டுப் பண்ணைகளில் படலை திறந்து கிடந்தால் யாரோ திறந்துதான் வைத்திருக்கிறார்கள், அப்படியே விடுங்கள். சாத்தியிருந்தால் போகும்போதும் வரும்போதும் சாத்துங்கள். ஆடு கத்தினால் போய்ப் பாருங்கள், கூட வந்தவர் போகக் கேட்டால் மறிக்காதீர்கள்.

இன்னொன்று. ஏதாவது பிழை செய்துவிட்டால் ஏழரைக்கே சொல்லிவிடுங்கள். ஒன்பதரை வரைக்கும் வைத்திருக்காதீர்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரு மனிதர் நூறு யார் தள்ளி ஒரு சின்ன வீட்டில், தன் தலை தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆடுகளுக்குக் காசு கொடுத்தோம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.